தாத்தாவோட உயிலும் ஜமைக்கா எஸ்டேட்டும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய உயில், சொத்துப் பத்திரம் வச்சு குடும்பக் கதை தேடுறது எப்டின்னு எழுதியிருந்தேன்ல, அதுக்கு வந்த கேள்விங்கள்ல ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்துச்சு. பிரிட்டிஷ் காலனிகள்ல அடிமைங்கள வச்சிருந்த முன்னோர் யாராவது நம்ம குடும்பத்துலயோ சம்பந்தி வீட்லயோ இருந்தா அத எப்டி கண்டுபிடிக்கறதுன்னு. அதனால இந்த இதழ் முழுக்க அதுதான்.

கேள்வி: அக்கா, நான் மதுரைப் பொண்ணு, கல்யாணமாகி எடின்பர்க்ல இருக்கேன், வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர். மாமனார் தவறினதுக்கு அப்புறம் பரண்ல இருந்த ஒரு பெட்டியில 1820கள்ல எழுதின உயிலோட காப்பி கெடச்சுது. "ஜமைக்கா தீவு, ஹானோவர் பாரிஷ்ல எனக்கு உள்ள எஸ்டேட்டும் அதைச் சேர்ந்த எல்லாமும்"னு ஒரு வரி வருது (பாரிஷ்னா அங்க மாவட்டம் மாதிரி). அடிமைங்கற வார்த்தையே எங்கயும் இல்ல. மாமியார் "உயில் எழுதினவர் அங்க புக்கீப்பரா போனவர், கணக்கு எழுதினார், அவ்ளோதான்"ங்கறாங்க. உண்மைய எப்டி தெரிஞ்சுக்கறது? (வாசகி, எடின்பர்க்)

பதில்: மாமியார்கிட்ட சண்டைக்குப் போயிடாதம்மா, அவங்க வீட்ல வழிவழியா சொல்லிட்டு வந்ததத்தான் அவங்களும் சொல்றாங்க. ஆனா ஜமைக்கா கரும்புத் தோட்டத்துல புக்கீப்பருக்கு கணக்கு எழுதுற வேலை கொஞ்சம்தான். ஓவர்சியருக்குக் கீழ இருக்கற சின்ன வயசு வெள்ளக்காரர் அவர், விடியக்காலைல ஆளுங்க வயல்ல எறங்கறப்போ கூட நிக்கணும், அறுவடை சீசன்ல பாகு காய்ச்சற எடத்துல ராத்திரி முழுக்க கண்காணிக்கணும். ஸ்காட்லாந்துல இருந்து போன பசங்க நெறைய பேர் அந்த வேலைலதான் ஆரம்பிச்சாங்க. கையில கொஞ்சம் காசு சேந்ததும் நெலம் வாங்கறதுக்கு முன்னாடியே ஆளுங்கள வாங்கிடுவாங்க, ரெண்டு பேர் நாலு பேர்னு வாங்கி பெரிய தோட்டங்களுக்கு கூலிக்கு விடறது, அந்தக் கூலிய இவங்க வாங்கிக்கறது, அப்டி சேத்துதான் எஸ்டேட் வரைக்கும் வந்தாங்க. உங்க வீட்டுப் பாட்டனும் அந்த வழியில வந்திருக்க நெறைய வாய்ப்பு இருக்கு.

"அதைச் சேர்ந்த எல்லாமும்"னு எழுதியிருக்கார்ல, மனுஷங்க அந்த மூணு வார்த்தைக்குள்ளதான் இருக்காங்க. சில உயில்ல வெளிப்படையாவே எழுதுவாங்க, நீக்ரோக்கள், மத்த அடிமைகள், அந்தப் பொம்பளைங்களுக்கு இனிமே பொறக்கப்போற பிள்ளைங்க உட்பட இன்னாருக்குன்னு. பொறக்காத குழந்தைக்கும் சேத்து பாகம் பிரிச்சு வச்சிருப்பாங்க. சில உயில்ல உங்களோடது மாதிரி சுருக்கமா முடிச்சிடுவாங்க, அதனால உயில்ல அந்த வார்த்தை இல்லன்னா அவர்கிட்ட அடிமைங்க இல்லன்னு அர்த்தம் ஆகாது.

இன்னொண்ணு, உங்க கையில இருக்கறது ஒரு காப்பி. இந்த மாதிரி ஆளுங்களுக்கு மூணு எடத்துல தேடணும். ஸ்காட்லாந்து உயில்ங்க 1513ல இருந்து 1925 வரைக்கும் ஸ்காட்லாண்ட்ஸ் பீப்புள் வெப்சைட்ல இருக்கு. இங்கிலாந்துல பணமோ சொத்தோ இருந்தா கான்டர்பரி கோர்ட்லயும் (அந்தக் காலத்துல உயில் பதிவு பண்ணின சர்ச் கோர்ட்) உயில் பதிவாகியிருக்கும், 1858 ஜனவரி வரைக்கும் உள்ள அந்த உயில்ங்க எல்லாம் லண்டன் கியூவுல இருக்கற நேஷனல் ஆர்கைவ்ஸ்ல ப்ராப் 11ங்கற வரிசையில கெடைக்கும். மூணாவது ஜமைக்காவே, அங்க ஸ்பானிஷ் டவுன்ல. ஸ்காட்லாந்து பேப்பர்ல ஒரு வில்லங்கம் இருக்கு, 1868 வரைக்கும் அங்க நெலம் உயில் வழியா போகாது, அதனால அந்த டெஸ்டமென்ட்ல, அதாவது அங்கத்த உயில் பதிவுல, நகை, கடன், பேங்க் பணம் மட்டும் இருந்தா ஏமாந்துடாதீங்க.

உயில விட முக்கியமானது இன்வென்டரி. ஜமைக்கால ஒருத்தர் செத்தா அவர் விட்டுப்போன அசையும் சொத்த மதிப்பீட்டாளருங்க வந்து சத்தியம் பண்ணி லிஸ்ட் எடுப்பாங்க, 1674ல இருந்து அந்த லிஸ்ட்ங்க ஸ்பானிஷ் டவுன் ஆர்கைவ்ஸ்ல இருக்கு. அதுல நெலம் இருக்காது, கட்டடம் இருக்காது. மனுஷங்க இருப்பாங்க. ஒரு பக்கத்துல ஆம்பளைங்க, ஒரு பக்கத்துல பொம்பளைங்கன்னு பேர் வரிசையா, எதிர்ல விலை. கஜ்ஜோ, க்வாஷி, ஃபிபான்னு பொறந்த கிழமைய வச்சு ஆப்பிரிக்காவுல வைக்கிற பேருங்களும் இருக்கும், பாம்ப்பி, கேட்டோ, வீனஸ்னு எஜமான் வேடிக்கைக்கு வச்ச ரோமாபுரிப் பேருங்களும் இருக்கும். தச்சன், கொப்பரைக்காரன், வயல் மேஸ்திரின்னு தொழில் தெரிஞ்சவங்களுக்கு விலை ஏறும். பச்சக் குழந்தைக்கும் ஒரு விலை. கடைசியில வயசானவங்க, கை கால் போனவங்க, எதிர்ல சைபர், இல்லன்னா பேருக்கு ஒரு சின்ன தொகை. அடுத்த பக்கத்த திருப்பினா கோவேறு கழுதை, உழவு மாடு, செப்புக் கொப்பரை, மேஜை நாற்காலி, அதே கையெழுத்து, அதே மாதிரி கோடு போட்ட கட்டம், எல்லாத்தையும் ஒண்ணா கூட்டி கீழ ஒரு மொத்தம். நான் மொதமொதல்ல அப்டி ஒரு பக்கத்த ஸ்கேன்ல பாத்தப்போ அந்த மொத்தத்த தாண்டி வேற எதையும் படிக்க முடியல.

அந்த விலையெல்லாம் ஜமைக்கா கரன்சி, இங்கிலாந்து பவுண்ட் இல்ல. ஜமைக்காவோட 140 பவுண்ட் இங்கிலாந்தோட 100 பவுண்டுக்கு சமம். இத மறந்துட்டு கணக்கு போட்டா தாத்தா ரொம்ப பெரிய பணக்காரரா தெரிவாரு.

இப்ப உங்க ஆளுக்கு வருவோம். அவர் 1820கள்லயே போயிட்டார்னா ரெண்டு வழி. ஒண்ணு, அடிமை ரெஜிஸ்டர். ஆப்பிரிக்காவுல இருந்து கள்ளத்தனமா ஆளுங்கள எறக்கறத தடுக்கறதுக்காக ஜமைக்கால 1817ல மொதல் தடவை, அப்றம் 1832 வரைக்கும் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு ஓனரும் தன்கிட்ட இருக்கற அடிமைங்களோட பேர், வயசு, நிறம், ஆப்பிரிக்காவுல பொறந்தவங்களா தீவுல பொறந்தவங்களா, பல எடத்துல அம்மா பேர் வரைக்கும் எழுதி சத்தியம் பண்ணி குடுக்கணும். இது கியூவுல டி 71ங்கற வரிசை, ரெஜிஸ்டர் மட்டும் ஆன்செஸ்ட்ரி வெப்சைட்ல ஸ்கேனாவே பாக்கலாம், ஸ்காட்லாந்துல நெறைய பப்ளிக் லைப்ரரில அது ஃப்ரீ. ஹானோவர் பாரிஷ் 1817 எடுத்து உங்க வீட்டுப் பேரப் போட்டுப் பாருங்க. மொதல் நாளே விஷயம் தெரிஞ்சுடும்.

ரெண்டாவது வழி எஸ்டேட் பேர் வச்சு தேடறது. லண்டன் யுசிஎல் பல்கலைக்கழகத்தோட 'லெகஸீஸ் ஆஃப் பிரிட்டிஷ் ஸ்லேவரி' டேட்டாபேஸ் ஃப்ரீ, 2013ல இருந்து எல்லாருக்கும் திறந்திருக்கு. அடிமை முறைய ஒழிச்சப்போ நஷ்டஈடு கேட்டு வந்த ஓனருங்க லிஸ்ட்தான் அதோட அடித்தளம், அப்றம் 1763 வரைக்கும் பின்னாடி போயி எஸ்டேட் எஸ்டேட்டா யார்கிட்ட இருந்து யாருக்குப் போச்சு, எந்த வருஷம் எத்தன அடிமைங்கன்னு சேத்துட்டே வர்றாங்க. 1834க்கு அப்புறம் வர்ற நஷ்டஈட்டுல உங்க பாட்டன் பேர் இருக்காது, அவர் மகன் இருக்கலாம், மருமகன் இருக்கலாம், உயில நிறைவேத்தற எக்ஸிகியூட்டர் இருக்கலாம், கடன் குடுத்து எஸ்டேட்ட அடமானம் வாங்கின கிளாஸ்கோ வியாபாரி இருக்கலாம். நம்ம ஊர்ல நெலம் வாங்கறதுக்கு முன்னாடி ஈசி போட்டு வில்லங்கம் பாக்கறோமே, அந்த மாதிரி அந்த எஸ்டேட் மேல யாரெல்லாம் கை வச்சிருக்காங்கன்னு வரிசையா பாத்தாத்தான் முழுக் கதை வரும்.

கூடவே அக்கவுன்ட்ஸ் ப்ரொட்யூஸ்னு ஒண்ணு இருக்கு, ஸ்பானிஷ் டவுன்லதான். ஓனர் ஊர்ல இல்லாம இங்கிலாந்துலயோ ஸ்காட்லாந்துலயோ உக்காந்திருந்தா அவரோட அட்டர்னி, அதாவது பவர் வாங்கி எஸ்டேட்ட நடத்துற ஏஜென்ட், வருஷா வருஷம் எத்தன பீப்பாய் சர்க்கரை, எத்தன பீப்பாய் ரம், யாருக்கு வித்தோம், யார் ஆளுங்கள கூலிக்கு எடுத்தோம்னு எழுதிக் குடுக்கணும்னு 1740ல இருந்து சட்டம். அட்டர்னிக்கு விளைச்சல்ல நூத்துக்கு ஆறு கமிஷன். பாட்டன் ஊர் திரும்பி வந்து எடின்பர்க்ல வீடு கட்டினார்னா அந்தக் கட்டடத்துக்கான காசு எந்த வருஷ சர்க்கரைல வந்துச்சுன்னு கூட சொல்லிடலாம்.

கடைசியா உயிலோட சின்ன வரிங்கள விட்டுடாதீங்க. 'என் ஹவுஸ்கீப்பருக்கு', 'ரெப்யூட்டட் டாட்டருக்கு' (மகள்னு ஊர் சொல்ற பொண்ணுக்கு)ன்னு ஒரு பொம்பள பேர், ஒரு பிள்ளை பேர், கொஞ்சம் பணம், சில சமயம் விடுதலை. இவங்க யாருன்னு வீட்ல யாரும் பேசியிருக்க மாட்டாங்க. 1761ல ஜமைக்கா சட்டசபை வெள்ளக்காரங்க தங்களோட கலப்புப் பிள்ளைங்களுக்கு 2,000 பவுண்டுக்கு மேல எழுதி வைக்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு, தடை போடற அளவுக்கு அது நடந்துச்சுன்னுதான அர்த்தம். தாமஸ் திஸில்வுட்னு ஒருத்தர், 1750ல ஜமைக்காவுக்கு ஓவர்சியரா போயி 1786ல அங்கயே செத்தவர், தான் பண்ணின அத்தன கொடுமையையும் வானிலை குறிப்பு எழுதற மாதிரி டைரியில எழுதி வச்சவர். முப்பது வருஷத்துக்கு மேல கூட வாழ்ந்த ஃபிபாங்கறவங்க அவரோட அடிமை கூட இல்ல, வேற ஒரு ஓனரோட அடிமை, அவங்கள வருஷத்துக்கு 18 பவுண்ட் வாடகைக்கு எடுத்திருந்தார். சாகறப்போ 34 பேர் அவருக்குச் சொத்து. உயில்ல ஃபிபாவோட விடுதலைய 80 ஜமைக்கா பவுண்டுக்கு மிகாம வாங்கிக் குடுக்கச் சொல்லி எழுதினார், அது நடந்தது 1792ல. இந்த உயில மட்டும் படிச்சா நல்ல மனுஷன்னு தோணும். அதனால உயில தனியா படிக்காதீங்க.

உங்க வீட்டுக்காரர கூட உக்கார வச்சுத் தேடுங்க. கெடைக்கறப்போ அந்த 1817 லிஸ்ட்ல இருக்கற பேருங்கள ஒரு நோட்ல எழுதி வச்சுக்கங்க, அவங்க வம்சத்துல யாராவது எங்கயோ இருந்து இதே லிஸ்ட்ட தேடிட்டு இருப்பாங்க. அடுத்த கடிதத்தப் பாருங்க.

கேள்வி: அக்கா வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து டொராண்டோ வந்த ஆக்கள். என்ர மனுசி ஜமைக்காக்காரி, தகப்பன் வழிப் பேர் கேம்ப்பெல். அப்ப ஸ்கொட்லாந்து எஜமான் ஒருத்தன்ர வம்சம்தானே எண்டு சிநேகிதர் சொல்லினம். அவவுக்கு அது பிடிக்கேல்ல. பேரை மட்டும் வச்சு அப்பிடிச் சொல்ல ஏலுமோ? (வாசகர், டொராண்டோ)

பதில்: ஏலாது தம்பி. ஜமைக்கால கேம்ப்பெல் ரொம்ப சாதாரணமான பேர். ஞானஸ்நானம் வாங்கறப்போ எஜமான் பேர வச்சவங்க உண்டு, ஓவர்சியர் பேர வச்சவங்க உண்டு, ஞானத்தகப்பன் பேர் உண்டு, விடுதலைக்கு அப்புறம் தனக்குப் பிடிச்சதா ஒரு பேர தானே எடுத்துக்கிட்டவங்களும் உண்டு. ஒரு பேர வச்சு ரத்த உறவு சொல்றது ஜோசியம்தான்.

தேடறதுன்னா இந்தப் பக்கத்துல இருந்து பின்னாடி போங்க. ஜமைக்கால பிறப்பு இறப்பு அரசாங்கப் பதிவு 1878ல ஆரம்பிக்குது. அதுக்கு முந்தி சர்ச் ரெஜிஸ்டர்தான், ஆங்கிலிகன் சர்ச் ரெஜிஸ்டருங்க ஃபேமிலிசர்ச் வெப்சைட்ல ஃப்ரீயா இருக்கு, அடிமைங்களோட ஞானஸ்நானமும் அதுல வரும், எந்த எஸ்டேட்டுன்னு பக்கத்துலயே எழுதியிருப்பாங்க. ஆனா பாப்டிஸ்ட், மெத்தடிஸ்ட், மொரேவியன் சபைங்கள்ல போன குடும்பங்க நெறைய, உங்க மனைவி வீட்ல பழைய ஆளுங்கள எந்தச் சபைன்னு மொதல்ல கேட்டுக்கங்க. பாரிஷ் பேரும் குழப்பும். 1866, 67 வாக்குல 22 பாரிஷ 14ஆ கொறச்சாங்க, பாட்டி 'வீர் பாரிஷ்'னு சொல்லியிருந்தா இன்னிக்கு மேப்ல அது கெடையாது, கிளாரண்டன்ல கரைஞ்சு போச்சு.

எஸ்டேட் பேர் ஒண்ணு கெடச்சுட்டா அங்க இருந்து 1832 ரெஜிஸ்டர், அப்டியே 1817க்கு. ரெஜிஸ்டர்ல பல பேருக்கு பழைய பேர் பக்கத்துலயே சர்ச் பேரும் எழுதியிருக்கும், அதுதான் உங்களுக்குப் பாலம். அம்மா பேர் இருக்கற எடத்துல இன்னொரு தலைமுறை ஏறலாம். 1817ல ஒருத்திக்கு வயசு அறுபது, ஆப்பிரிக்காவுல பொறந்தவன்னு இருந்தா 1757 வாக்குல கடலுக்கு அந்தப் பக்கம் பொறந்த பொம்பளைய நீங்க பாத்துட்டீங்க, ஆனா வயசெல்லாம் ஓனர் குத்துமதிப்பா போட்டதுதான்.

டிஎன்ஏ டெஸ்ட்ல ஸ்காட்லாந்து சதவீதம் வந்தாலும் அது யாருன்னு சொல்லாது. எஸ்டேட்ல ஓனர விட புக்கீப்பரும் ஓவர்சியரும்தான் அதிகம் இருந்தாங்க, பெரிய எஸ்டேட் ஓனருங்க நெறைய பேர் அந்தத் தீவுலயே இல்ல. உங்க மனுசிக்குப் பிடிக்கலன்னா சிநேகிதர வாய மூடச் சொல்லுங்க, அவ தேடணும்னு நினைக்கறப்போ தேடட்டும்.

கேள்வி: மேடம், அடிமை முறைய ஒழிச்சப்போ பிரிட்டிஷ் கவர்ன்மென்ட் பெரிய நஷ்டஈடு குடுத்துச்சுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. அடிமையா இருந்தவங்களுக்கு எவ்ளோ குடுத்தாங்க? இந்தியாவுக்கும் வந்துச்சா? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: ஒரு பைசா குடுக்கல கண்ணு. நஷ்டஈடு வாங்கினது ஓனருங்க. 1833ல சட்டம், 1834 ஆகஸ்ட் 1 அமலுக்கு வந்துச்சு, சுமார் எட்டு லட்சம் பேருக்கு விடுதலைன்னு அறிவிச்சு அவங்கள 'இழந்த' ஓனருங்களுக்கு 2 கோடி பவுண்ட், அந்தக் காலத்து பிரிட்டிஷ் அரசாங்கத்தோட வருஷச் செலவுல ஏறக்குறைய நாப்பது சதவீதம். விடுதலையானவங்க 'அப்ரென்டிஸ்'ங்கற பேர்ல அதே எஜமான்கிட்ட வாரத்துக்கு 45 மணி நேரம் வரைக்கும் சம்பளம் இல்லாம வேலை செய்யணும்னு வச்சாங்க, அது 1838 ஆகஸ்ட் 1ல தான் முடிஞ்சுது. அப்டி பாத்தா நஷ்டஈட்டுல ஒரு பங்க அந்த ஆளுங்களே உழைச்சுக் கட்டிட்டாங்க.

தலைக்கு எவ்ளோங்கறதும் காலனிக்குக் காலனி வேற, ஜமைக்கால சராசரி 20 பவுண்டுக்குக் கொஞ்சம் கீழ, பிரிட்டிஷ் கயானாவுல 50க்கு மேல, ஏன்னா கயானாவுல நெலம் புதுசு, ஆள் பஞ்சம், சந்தை விலை ஜாஸ்தி. வயல் வேலைக்காரன், வீட்டு வேலைக்காரன், ஆறு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைன்னு ரகம் பிரிச்சு ரேட் போட்டாங்க. வாங்கினவங்க எல்லாம் கோட்டை கட்டின பிரபுங்கன்னு நினைச்சுடாத, நாலு பேர கூலிக்கு விட்டு அந்தக் காசுல சாப்ட்ட விதவைங்க, பாதிரியாருங்க, தீவுலயே இருந்த கலப்பினக் குடும்பங்க, எல்லாரும் உண்டு. பொம்பளைங்க மட்டும் நாப்பது சதவீதத்துக்கு மேல. அதனாலதான் இத்தன குடும்பத்துல இது வெளிய வருது. அந்த நஷ்டஈட்டுக்காக அரசாங்கம் 1.5 கோடி பவுண்ட் கடன் வாங்குச்சு, நேதன் ராத்ஸ்சைல்டும் மோசஸ் மான்ட்டிஃபியோரும் ஏற்பாடு பண்ணின கடன். அதோட மிச்சம் கட்டி முடிஞ்சது 2015ல. அது வரைக்கும் பிரிட்டன்ல வரி கட்டின எல்லாரும், ஜமைக்கால இருந்து அங்க போயி பஸ் ஓட்டினவங்களும் நர்ஸ் வேலை பாத்தவங்களும் சேத்துதான், அத கட்டியிருக்காங்க.

இந்தியாவ அந்தச் சட்டத்துல வேணும்னே விட்டுட்டாங்க. ஈஸ்ட் இந்தியா கம்பெனி ஆண்ட பகுதிங்க, சிலோன், செயின்ட் ஹெலினா மூணுக்கும் பொருந்தாதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. இங்க 1843ல அஞ்சாவது சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, ஒருத்தர் இன்னொருத்தருக்கு அடிமைங்கறத கோர்ட்டும் அதிகாரியும் ஏத்துக்க மாட்டாங்கன்னு சொல்லிச்சு, யாருக்கும் நஷ்டஈடு கெடையாது. நஷ்டஈடு இல்லாததால லிஸ்டும் இல்ல. தஞ்சாவூர்ப் பக்கம் நெலத்தோட சேத்து ஆளுங்கள கிரயம் பண்ணின ஓலைங்க இருக்கு, ஆனா ஜமைக்கா மாதிரி பேர் பேரா அரசாங்க ரெஜிஸ்டர் நமக்கு இல்ல. சிலோன்ல 1818ல பதிவு பண்ணணும்னு சட்டம் போட்டாங்க, 1844ல முழுசா ஒழிச்சாங்க. பண்ணையாள் வம்சத்துல வந்த ஒருத்தருக்கு தன் கொள்ளுத் தாத்தா பேரத் தேடறது ஜமைக்காக்காரங்கள விட கஷ்டம்ங்கறது எனக்கு இன்னிக்கும் உறுத்துற விஷயம்.

கேள்வி: செத்துப்போனவங்க கணக்க இப்ப எதுக்கு கிளறணும்? பேரன் பேத்திங்க என்ன பாவம் பண்ணாங்க? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பேரன் பேத்திங்க பாவம் பண்ணலங்க, சொத்து வாங்கிக்கிட்டாங்க. ஜான் கிளாட்ஸ்டன்னு லிவர்பூல் வியாபாரி, பின்னாடி பிரிட்டன் பிரதமரான கிளாட்ஸ்டனோட அப்பா, கயானாவுலயும் ஜமைக்காவுலயும் இருந்த 2,508 பேருக்காக ஒரு லட்சத்து ஆறாயிரம் பவுண்டுக்கு மேல வாங்கினார். வாங்கின கையோட, இனிமே இலவச ஆள் கெடைக்காதேன்னு கல்கத்தா கம்பெனிக்கு எழுதிப் போட்டு விட்பி, ஹெஸ்பெரஸ்னு ரெண்டு கப்பல்ல இந்தியாக் கூலிங்கள வரவழைச்சார், 1838 மே மாசம் 396 பேர் அங்க எறங்கினாங்க. அந்த வழியிலதான் பின்னாடி மெட்ராஸ்ல இருந்தும் நம்ம ஆளுங்க போனாங்க, கயானாவுல இன்னிக்கும் மெட்ராஸ்காரங்க காளியம்மா கும்பிடறாங்க. ஆக நீங்க செத்த கணக்குன்னு சொல்றதுல நம்ம பக்கத்து ஆளுங்க கணக்கும் இருக்கு. 2023ல அந்தக் கிளாட்ஸ்டன் குடும்பத்து ஆளுங்க சில பேர் கயானாவுக்கே போயி மன்னிப்புக் கேட்டாங்க. கேக்கணும்னு யாரும் அவங்கள கோர்ட்டுக்கு இழுக்கல.

கேள்வி: எங்க ஏரியா பக்கம் ட்ரெவெல்யன் பேசின் தெரு இருக்கு. கிரெனடாவுல மன்னிப்புக் கேட்ட ட்ரெவெல்யன் குடும்பமும் இவங்களும் ஒண்ணா? (வாசகர், சென்னை)

பதில்: ஒரே குடும்பம்தான். சார்லஸ் ட்ரெவெல்யன் 1859ல மெட்ராஸ் கவர்னரா வந்தார், பீப்பிள்ஸ் பார்க் அவர் யோசனை, புது வரிய எதிர்த்து பகிரங்கமா எழுதினதால மறு வருஷமே திருப்பிக் கூப்ட்டுட்டாங்க. அந்தக் குடும்பத்துக்கு கிரெனடா தீவுல ஆறு தோட்டம், ஆயிரம் பேருக்கு மேல அடிமைங்க, நஷ்டஈடு சுமார் 27 ஆயிரம் பவுண்ட். இது அவங்களுக்கே தெரியாது. யுசிஎல் டேட்டாபேஸ்ல சொந்தக்காரர் ஒருத்தர் குடும்பப் பேரப் போட்டுப் பாத்தப்போ வந்துச்சு. லாரா ட்ரெவெல்யன்னு பத்திரிகைக்காரங்க, 2023 பிப்ரவரில குடும்பத்தோட கிரெனடா போயி மன்னிப்புக் கேட்டு ஒரு லட்சம் பவுண்ட் குடுத்தாங்க. ஒரு லட்சம் போதுமான்னு அந்தத் தீவுலயே சண்டை போட்டாங்க, நியாயமான சண்டைதான்.

கேள்வி: நம்ம கடற்கரையில இருந்தும் ஆளுங்கள அடிமையா ஏத்திட்டுப் போனாங்கன்னு பாட்டி சொல்லுவாங்க. அவங்க பேரெல்லாம் எங்கயாவது இருக்குமா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: இருக்கும், அதுவும் அவங்கள வாங்கினவங்க உயில்லயும் இன்வென்டரிலயும்தான். டச்சுக்காரங்க கேப் டவுனுக்குக் கொண்டு போனவங்களுக்கு ஊர வச்சே பேர், வங்காளத்து ஆஞ்செலா, மலபார் இன்னார், கோரமண்டல் கடற்கரை இன்னார்னு. அங்க அநாதைப் பிள்ளைங்க சொத்த பாத்துக்கற ஒரு போர்டு இருந்துச்சு, ஒருத்தர் செத்தா வீட்ல ரூம் ரூமா போயி கட்டில், பானை, வெள்ளித் தட்டு, அடிமைன்னு எழுதும். அந்த லிஸ்ட்ங்கள டச்சு மொழியிலயே டைப் பண்ணி ஆன்லைன்ல போட்டிருக்காங்க, ஊர் பேரப் போட்டு தேடலாம். சொந்தப் பேர் கெடைக்காது, எஜமான் வச்ச பேர்தான், ஆனா எந்தக் கரையில இருந்து வந்தவங்கன்னு தெரியும்.

பாண்டிச்சேரில இருந்து பிரெஞ்சுக்காரங்க மொரீஷியஸுக்குக் கொண்டு போனாங்க, அடிமையாவும் சரி, கூலிக்கு வேலை தெரிஞ்ச ஆளாவும் சரி. போர்ட் லூயிஸ்ல அவங்க குடியிருந்த எடத்துக்கு மலபார் கேம்ப்னே பேர். அந்தத் தீவ பிரிட்டிஷ்காரங்க பிடிச்சதால அதோட அடிமை ரெஜிஸ்டரும் நான் மேல சொன்ன டி 71லயே இருக்கு, எங்க பொறந்தவங்கன்னு ஒரு கட்டம் உண்டு, இந்தியான்னு போட்டவங்களப் பாக்கலாம். பாட்டி கேக்க விரும்பாத ஒண்ணும் அதுல இருக்கு. அங்க சுதந்திரமா இருந்த நம்ம ஆளுங்க சில பேரும் அடிமைங்கள வச்சிருந்தாங்க. ஓனர் பேர் எழுதற கட்டத்துல தெரிஞ்ச மாதிரி பேர் வந்தா அதையும் எழுதி வச்சுக்கங்க.

கேள்வி: லண்டன்ல இருக்கேன், கியூ ஆர்கைவ்ஸுக்கு நேர்ல போகணுமா, எல்லாம் ஆன்லைன்ல இல்லயா? கையெழுத்து புரியுமா? (வாசகர், ஹாரோ)

பதில்: ரெஜிஸ்டரும் கான்டர்பரி உயிலும் வீட்ல இருந்தே பாத்துடலாம். நஷ்டஈட்டுக்காக குடுத்த மனுங்க, ரெண்டு மூணு பேர் ஒரே எஸ்டேட்டுக்கு அடிச்சுக்கிட்ட கேஸ் கட்டுங்க, இதெல்லாம் நேர்லதான். சண்டை இருக்கற கட்டுலதான் கதை இருக்கும், கல்யாண செட்டில்மென்ட், பாட்டிக்கு எழுதி வச்ச வருஷப் பென்ஷன், கட்டாத கடன் எல்லாத்தையும் ஆதாரத்தோட கொண்டு வந்து கொட்டியிருப்பாங்க. போறதுக்கு முன்னாடி யுசிஎல் டேட்டாபேஸ்ல இருக்கற கிளெய்ம் நம்பர குறிச்சுக்கங்க, நம்பர் இல்லாம போனா அங்க ஒரு நாள் வீண்.

கையெழுத்து மொத நாள் மிரட்டும். பழைய கையில நீள 's' பாக்கறதுக்கு 'f' மாதிரி இருக்கும், ஒரே பேர் கீழ கீழ வந்தா 'do'ன்னு போட்டிருப்பாங்க, மேல உள்ளதேன்னு அர்த்தம். 1752க்கு முந்தின இங்கிலாந்து தேதின்னா வருஷம் மார்ச் 25ல பொறக்கும், ஜனவரி பிப்ரவரி தேதிங்கள ஒரு வருஷம் தள்ளிப் படிக்கணும். ரீடர்ஸ் டிக்கெட்டுக்கு ஒரு ஐடி ப்ரூஃப், ஒரு அட்ரஸ் ப்ரூஃப் கொண்டு போங்க. பேனா உள்ள விடமாட்டாங்க, பென்சில் எடுத்துக்கங்க.